ஸாஃப் சைடு

ஆம்பூரில் கால்பந்துப் பேச்சு எழுந்தால் போதும், கோல் போட்டவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்ல நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். ரஃபி அகமது தலையால் இடித்துப் போட்டது, மூலையிலிருந்து வளைந்து வந்து விழுந்தது, மழையில் வழுக்கிக்கொண்டே போனது. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அணிக்குப் பதினாலு வருடம் கோல்கீப்பராக நின்றவன் நான். அந்தக் கோல்களையெல்லாம் மைதானத்தின் மறுகோடியிலிருந்து எறும்பு அளவில்தான் பார்த்திருக்கிறேன். நான் கிட்டத்தில் பார்த்தது ஒரு முதுகை. குர்ஷித் பாயின் முதுகு. எங்கள் பக்கம் விழாமல் போன கோல்களெல்லாம் அந்த முதுகுக்கு முன்னால்தான் நின்றுபோயின. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை என்பதால் நான் எழுத உட்கார்ந்தேன்.

மஹபூப் பாஷா சாயபுவின் தோல்ஷாப்பில் குர்ஷித் பாய்க்குச் சவ்வு சீவும் வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் கழன்று வரும் தோலைச் சரிவாக நிறுத்திய மரக்கட்டையின் மேல் விரித்து, உட்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் மழித்துத் தள்ள வேண்டும். கத்தி வளைந்தது, இரண்டு முனையிலும் கைப்பிடி. இரண்டு கையும் கத்தியில் இருக்கும்போது ஈரத்தோலை நழுவாமல் பிடித்துக்கொள்ள வேறு கையில்லை. வயிறுதான். தோலின் ஓரத்தைக் கட்டையின் தலைப்பில் வயிற்றால் அழுத்திக்கொண்டு, காலை ஊன்றி, குனிந்தபடி நாள் முழுக்க நிற்க வேண்டும். ஒரு தோல் முடிந்ததும் பாய் "ஸாஃப்" என்று ஒரு குரல் கொடுப்பார். சுத்தமாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். தூக்கிப் போகிற ஆள் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் குரலுக்கு எழுந்து வந்துவிடுவான். நான் முத்திரை குத்தும் கொட்டகை ஐம்பது கஜம் தள்ளி இருந்தது. அங்கேயும் தெளிவாகக் கேட்கும்.

பெரிய யுத்தம் முடிந்த மறுவருடம் எங்களுக்கு ஒரு பந்து வந்தது. தோல் வாங்க மதராஸிலிருந்து வந்த வெள்ளைக்கார ஏஜெண்டு ஒருவன் சாயபுவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் ஆட்கள் அதை முதலில் உதைக்கவில்லை. மோந்து பார்த்தார்கள், நகத்தால் கீறிப் பார்த்தார்கள், எருதா பசுவா, எந்தப் பட்டையில் பதப்படுத்தியது என்று ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டார்கள். பிறகுதான் உதைத்தார்கள். பாலாற்றுப் பக்கம் தோல் காயப்போடும் களத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே நாலு மூங்கில் நட்டு, சுண்ணாம்புக் குழியில் கழிந்த சுண்ணாம்பால் கோடு போட்டோம். கோடு பளிச்சென்று இருக்கும். நாற்றம் சொல்லி மாளாது. வெளியூர் அணிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வந்து இறங்கும். அதுவும் எங்களுக்கு ஒரு பலம்.

முதல் ஆட்டத்தை வாணியம்பாடியில் ஆடி எட்டுக் கோல் வாங்கினோம். காரணம் எளிது. எங்களில் பத்துப் பேரும் கோல் போடவே பிறந்தவர்கள். பந்து எங்கே போனாலும் பத்துப் பேரும் சேர்ந்து ஓடுவார்கள். பின்னால் நான் ஒருவன் தனியாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது என்று குர்ஷித் பாயை இழுத்து வந்தார்கள். அவர் என் முன்னால் பத்துக் கஜத்தில் வந்து நின்றார். நின்றவர் நகரவில்லை.

"பாய், ஓடு பாய்" என்று கத்தினேன்.

"எங்க?"

"பந்துக்கு."

"அது இங்கதான வரப்போவுது. நா இன்னாத்துக்கு எதிர்ல போய்க் கூட்டினு வரணும்?"

அன்றைக்கு அந்தப் பேச்சைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னபடியே பந்து வந்தது. பந்தோடு வந்தவன் பாயின் வயிற்றில் மோதி நின்றான். பாய் காலை வீசவில்லை, கையைத் தூக்கவில்லை. மரக்கட்டையில் தோலை அழுத்துகிற மாதிரி உடம்பைக் கொஞ்சம் சாய்த்தார், அவ்வளவுதான். பந்தைத் தூர உதைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் "ஸாஃப்" என்றார். களத்தின் ஓரத்தில் சாய்ந்து கிடந்த தோல்ஷாப்பு ஆள் ஒருவன் பாதித் தூக்கத்தில் எழுந்து தோலைத் தூக்க ஓடி வந்தான். அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. ஆட்டத்தில் நாங்கள் வாங்கியது ஒரே கோல்.

ஆஃப்சைடு என்ற விதியை வேலூரிலிருந்து வந்த யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்து விதிப்படி, எதிரியின் ஆளுக்குப் பந்து போகும்போது அவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எங்கள் ஆட்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். குறைந்தால் ஆஃப்சைடு, பந்து எங்களுக்கு. இந்தப் பெயர் எங்கள் ஊர்க் காதில் "ஸாஃப் சைடு" என்று விழுந்தது. விழுந்ததும் எல்லோருக்கும் விளங்கிப்போனது. தோலில் மயிர்ப் பக்கம் ஒன்று, சீவி முடித்த ஸாஃப் பக்கம் ஒன்று உண்டல்லவா? அதே மாதிரி, ஆள் அரவமில்லாமல் சுத்தமாகக் கிடக்கிற பக்கம் ஸாஃப் சைடு. அங்கே போய் எதிரி நிற்கக் கூடாது. இங்கிலீஷ்காரன் கூட நியாயமாக யோசித்துத்தான் பெயர் வைத்திருக்கிறான் என்று பேசிக்கொண்டோம்.

விதி தெரிந்ததும் பாய்க்குப் பாதி வேலை மிச்சமானது. எங்கள் பின்வரிசை மூன்று பேர்: பேக் என்கிற பின்னாட்டக்காரர்களாகக் குர்ஷித் பாயும் ஆபித் பாஷாவும், கோலில் நான். எதிரி பந்தைத் தட்டுகிற நேரம் பார்த்துப் பாய் ஒரே ஒரு எட்டு முன்னால் வைப்பார். மிச்சம் இரண்டு பேர்தான். ரெஃபரி ஊதுவார். சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பேர் ஓடி ஓடித் தாக்கினார்கள். பாய் அந்த ஒரு எட்டிலேயே ஏழு வருடம் ஓட்டினார். இதில் இன்னொரு லாபமும் இருந்தது. அவர் பந்தை உதைத்துவிட்டு "ஸாஃப்" என்று குரல் கொடுத்தால் வெளியூர்க்காரர்களுக்கு அது "ஆஃப்" என்று கேட்கும். ஆஃப்சைடு போலிருக்கிறது என்று அப்படியே நின்றுவிடுவார்கள். பாய் வேண்டுமென்று செய்ததில்லை. நாங்களும் வேண்டுமென்று திருத்தியதில்லை.

அந்தக் குரலுக்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்த ஆள் ஒருவர் உண்டு. பாயின் மனைவி அஃப்ஸர் ஜஹான். அவர்கள் வீட்டின் கொல்லைச் சுவர்தான் களத்துக்கு எல்லை. கோஷா வீடு; அந்த அம்மாளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, அவரும் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் காதாலேயே கேட்டுவிடுவார். என் மனைவி முனியம்மா அவருக்குச் சிநேகிதி. அவளும் சில நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பாய் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு இருவத்தி மூணு" என்பாராம் அந்த அம்மாள். இருபத்து மூன்று "ஸாஃப்". முப்பதைத் தாண்டினால் புருஷன் பேஜாராகிவிட்டான் என்று கால் ஊற வைக்க வெந்நீர் தயாராக இருக்கும். பந்து சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தால் மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்து விழும். எறிகிற கை மட்டும் தெரியாது. அந்த அம்மாளுக்குப் பிறந்த ஊர் வாணியம்பாடி. எங்கள் ஜென்ம விரோதிகளின் ஊர். இதைச் சொல்லிப் பாயைக் கேலி செய்யாத நாளில்லை.

அப்புறம் ரஃபி அகமது வந்தார். சாயபுவின் தங்கை மகன். மதராஸில் படித்து, அங்கே ஒரு கிளப்பில் ஆடிவிட்டு வந்தவர். பூட்ஸ் போட்டு ஆடிய முதல் ஆள் எங்களில் அவர்தான். பொய் சொல்லக் கூடாது, அவர் பந்தோடு ஓடும்போது பார்க்க அழகாக இருக்கும். வந்த ஒரு மாதத்தில் கேப்டன் ஆனார். ஆனதும் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து மதராஸ் பத்திரிகை ஒன்றைப் படித்தார்.

"இனிமே மூணு பேர் வேணாமாம். ரெண்டு பேர் இருந்தா போதும், ஆஃப்சைடு இல்ல. போன வருஷமே மாத்திட்டாங்க."

"யாரு மாத்துனது?" என்றார் குர்ஷித் பாய்.

"லண்டன்ல."

"லண்டன்ல இருக்கிறவனுக்கு நம்ம ஆபித் பாஷா காலு இன்னா வேகம்னு தெரியுமா?"

எல்லோரும் சிரித்தோம். ஆபித் பாஷாவும் சிரித்தார். அடுத்த வாரம் வாணியம்பாடியில் சிரிப்பு நின்றது. பாய் வழக்கம்போல ஒரு எட்டு முன்னால் வைத்தார். பின்னால் நானும், எப்போதும் இரண்டு கஜம் தாமதமாக வரும் ஆபித் பாஷாவும் இருந்தோம். புதுக் கணக்குக்கு இரண்டு பேர் போதும். எதிரி பாயைத் தாண்டி நேராக என்னிடம் வந்தான், ஒருவன் பின்னால் ஒருவனாக. ஐந்து கோல். ஒவ்வொன்றுக்கும் பாய் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அத்தனை வருடத்தில் ஆட்டத்தின் நடுவில் அவர் முகத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வருகிற ரயிலில் ரஃபி அகமது முடிவு செய்துவிட்டார். ஆம்பூரில் அதே வாணியம்பாடியோடு நடக்கப்போகிற ஷீல்டு ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. இனித் தாக்குதல்தான், அரைவரிசைக்காரர்களும் மேலே போக வேண்டும், பேக்குகளும் பந்தோடு ஓட வேண்டும், ஓடாதவர்கள் வெளியே உட்கார வேண்டும். மறுநாள் காலை இதைச் சொல்லப் பாய் வேலை செய்யும் கொட்டகைக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். பாய் குனிந்த நிலையிலேயே பேசினார்.

"மியான், அவங்க மூணு கோல் போட்டா நீங்க நாலு போடுவீங்க. சரி. அவங்க ஒண்ணுமே போடலன்னா நீங்க ஒண்ணு போட்டா போதும்ல. ஓட்டம் எவ்ளோ கம்மி."

"குர்ஷித் பாய், ஜனங்க வர்றது கோல் பாக்க. நீங்க வயித்த வெச்சி நிக்கிறதப் பாக்க இல்ல."

அதுவும் நியாயம்தான். பாய் கத்தியை நிறுத்தி நிமிர்ந்தார். நிமிர அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முதலில் ஒரு கையை இடுப்பில் கொடுத்து, பிறகு இன்னொரு கையை.

"ஆறு நாளு இப்டித்தான் குனிஞ்சி கெடக்கிறேன், மியான். வெள்ளிக்கெழம ஒரு நாளு அந்தக் களத்துலதான் நிமிந்து நிக்கிறேன். அதையும் எடுத்துடாதீங்க."

ரஃபி அகமது கிளம்ப எடுத்த காலை நிறுத்தினார். கல் நெஞ்சுக்காரர் இல்லை அவர்.

"ஷீல்டு ஆட்டம் ஒண்ணு குடுங்க" என்றார் பாய். "அந்தத் துரைசாமிய எனக்குக் குடுங்க. உள்ள ஒரே ஒரு கோல் வுட்டாலும் நானே போய் வெளிய குந்திக்கிறேன். நீங்க சொல்ல வேணாம்."

துரைசாமி நடு ஹாஃப் ஆடுகிறவன். ஆவாரம்பட்டை இடிக்கும் வேலை. கையும் காலும் தூண் மாதிரி. அணியின் நடுவில் நின்று முன்னாலும் பின்னாலும் ஓடுகிறவனைப் பின்னுக்கு இழுத்துவிட்டால் தாக்குதலில் ஓர் ஆள் குறையும். ரஃபி அகமது அதற்கும் சம்மதித்தார். ஒரு கோல் என்றால் ஒரே கோல்தான், பேச்சு மாறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே பாய் துரைசாமியைக் கூப்பிட்டு மரக்கட்டையில் நிறுத்திக் கையில் கத்தியைக் கொடுத்தார். துரைசாமி இரண்டு இழுப்பு இழுத்தான். தோல் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

"இன்னா ஆச்சி?"

"நழுவிட்ச்சி பாய்."

"இன்னாத்துக்கு நழுவுச்சி? கத்தி போற எடத்துக்கெல்லாம் வயித்தையும் கூட்டினு போற. கத்தி போவட்டும். வயிறு நகரக் கூடாது. நானும் ஆபித்தும் கத்தி. ரெண்டு ஓரத்துக்கும் நாங்க போறோம். நீ நடுவுல வயிறு. எவன் இன்னா வேடிக்க காட்டுனாலும் நகராத."

மூன்று வாரமும் துரைசாமி வேலை முடிந்தபின் அந்தக் கட்டையில் தோல் சீவினான். நாலு தோலைக் கிழித்தான் என்று மேஸ்திரி திட்டினார். ஐந்தாவது தோலில் வயிறு நகரவில்லை.

ஷீல்டு ஆட்டத்தன்று ஊரே களத்தில் இருந்தது. வாணியம்பாடிக்காரர்கள் ரயிலில் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ரெஃபரி வேலூரிலிருந்து வந்த ஒரு டிரில் மாஸ்டர், முறுக்கிய மீசை. எங்கள் களத்து வழக்கத்தை அவரிடம் சொன்னோம். பிற்பகல் அசர் தொழுகை முடிந்து ஆரம்பித்தால், பொழுது சாய்ந்து மசூதியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் ஆட்டம் முடிந்தது. பாங்குக்கு மேல் ஒரு உதை கிடையாது. அவர் ஒப்புக்கொண்டார். அப்போது வாணியம்பாடி கேப்டன் நயீம் அகமது முன்னால் வந்து பாயைக் கைகாட்டினான்.

"சார், இந்தாளு பந்த ஒதச்சிட்டு ஆஃப், ஆஃப்னு கத்துறாரு. எங்க பசங்க ஆஃப்சைடுன்னு நின்னுட்றாங்க. ஏழு வருஷமா இதே வேல."

டிரில் மாஸ்டர் பாயைக் கூப்பிட்டார். பாய் அது ஸாஃப் என்றார். ஸாஃப் என்றால் என்ன என்று மாஸ்டர் கேட்க, தோல் சீவி முடித்தது என்று பாய் சொல்ல, இங்கே எந்தத் தோல் என்று மாஸ்டர் கேட்டார்.

"இந்த கிரவுண்டுல உன் வாயிலேந்து அந்தச் சொல்லு ஒரு தடவ வந்தாலும் வெளிய அனுப்பிடுவேன்" என்றார் மாஸ்டர்.

பாய் தலையாட்டினார். ஆட்டம் ஆரம்பித்தது.

துரைசாமி நடுவில் வயிறாக நின்றான். வாணியம்பாடிக்காரர்கள் வழக்கம்போல நடுவில் வந்தார்கள். அங்கே வழி இல்லை. ஓரங்களுக்குப் போனார்கள், அங்கே பாயும் ஆபித் பாஷாவும். ஒரு எட்டு முன்னால் வைக்கிற வித்தையைப் பாய் அன்று ஒருமுறைகூடச் செய்யவில்லை. முப்பத்தைந்து வயதில் அவர் ஓடியதைப் பார்த்தேன். பந்தை ஒவ்வொரு தரம் உதைக்கும்போதும் வாய் திறக்கும், உடனே மூடிக்கொள்வார். பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. இடைவேளைக்குச் சற்று முன்னால் அவர் உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டி ரஃபி அகமதுவின் காலடியில் போய் விழுந்தது. பின்வரிசை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் அங்கே எங்கள் ஆட்கள் நாலு பேர் மேலேயே நின்றிருந்தார்கள். ரஃபி அகமது இரண்டு பேரை ஏமாற்றிப் போட்டார். எறும்பு அளவில் நானும் பார்த்தேன். ஒன்றுக்குச் சுழி.

சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கி அரை மணி ஆகியும் அஃப்ஸர் ஜஹானின் காதில் ஒரு "ஸாஃப்" கூட விழவில்லை. கூட்டம் கத்துகிறது, ஊதல் கேட்கிறது, புருஷன் குரல் மட்டும் இல்லை. ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்களா, அடிபட்டுக் கிடக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. சுவரில் தாம்பாளத்தைத் தட்ட ஆரம்பித்தார். டங், டங் என்று அது இரண்டாம் பாதி முழுக்கக் கேட்டது. பாய்க்கு அது யாரென்று தெரியும். என்ன கேள்வி என்பதும் தெரியும். பதில் ஒரே சொல். அதைச் சொன்னால் வெளியே. அவர் சுவரைப் பார்ப்பார், பந்தைப் பார்ப்பார். அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது.

பொழுது சாயச் சாய வாணியம்பாடிக்காரர்கள் பத்துப் பேரும் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். ஒரு பந்தை நான் விரல் நுனியால் தட்டினேன். இன்னொன்று மூங்கிலில் பட்டுத் திரும்பியது. துரைசாமியின் கால் பிடித்துக்கொண்டு அவன் நொண்டினான், நடுவை விட்டு நகரவில்லை. பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது நயீம் அகமது பந்தோடு உள்ளே நுழைந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் குர்ஷித் பாய் மட்டும். அவன் காலைத் தூக்குவதற்குள் பாய் பாய்ந்து உதைத்தார். ஆயுளில் ஒருதரம் அவருக்கு உதை தப்பியது. பந்து முன்னால் போகாமல் பக்கவாட்டில் எழும்பி, கொல்லைச் சுவரைத் தாண்டி, அவர் வீட்டுக்குள்ளேயே விழுந்தது.

தாம்பாளச் சத்தம் நின்றது.

பந்து திரும்பி வரும் என்று எல்லோரும் அண்ணாந்து நின்றோம். வரவில்லை. எங்களிடம் இருந்தது அந்த ஒரே பந்து. டிரில் மாஸ்டர் ஊதலை ஊதிப் பார்த்தார். நயீம் அகமது சுவரோரம் போய், "ஆபா, நாங்க வாணியம்பாடி. உங்க ஊரு பசங்கதான். பந்தப் போடுங்க ஆபா" என்று அக்கா முறை வைத்துக் கெஞ்சினான். ஒரு சத்தமும் இல்லை. கோஷா வீட்டுக்குள் வேறு ஆண் நுழைய முடியாது. மாஸ்டர் அந்த வீட்டுக்காரர் யாரென்று கேட்டார். எல்லோரும் குர்ஷித் பாயைக் காட்டினோம். "ஓடு, எடுத்துனு வா" என்றார் மாஸ்டர்.

பாய் ஓடினார். நிஜமாகவே ஓடினார், நான் சாட்சி. வாசல் தெருப்பக்கம் இருந்ததால் களத்தைச் சுற்றிப் போக வேண்டும். போனவர் வரவில்லை. வானம் சிவந்து கறுக்கத் தொடங்கியது. மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நயீம் அகமது தரையில் உட்கார்ந்துவிட்டான். திடீரென்று சுவருக்குப் பின்னாலிருந்து, அத்தனை நாள் கேட்டதிலேயே பெரிதாக ஒரு குரல் வந்தது.

"ஸாஃப்."

அடுத்த மூச்சில் மசூதியில் பாங்கு எழுந்தது. பந்து சுவரின் மேலே வந்து களத்தில் விழுந்து உருண்டது. யாரும் அதைத் தொடவில்லை. பாங்குக்கு மேல் ஒரு உதை கிடையாது.

நயீம் அகமது மாஸ்டரிடம் ஓடி, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார், வெளியே அனுப்புங்கள் என்றான். மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். "கிரவுண்டுல சொல்லக் கூடாதுன்னேன். அந்தாளு வூட்ல சொல்றதுக்கு நா இன்னா பண்றது?" என்று ஊதலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூட்டம் துரைசாமியைத் தூக்கிக்கொண்டது. ரஃபி அகமது, பாய் திரும்பி வரும் வரை வாசலிலேயே நின்று, "அடுத்த வெள்ளிக்கெழம சீக்கிரம் வந்துடுங்க பாய்" என்று மட்டும் சொன்னார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஏழு வருடம் அவர் என் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

அன்று பாய் வேண்டுமென்றேதான் உள்ளே உதைத்தார், வேண்டுமென்றேதான் தாமதித்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சிலர் அதைப் புத்திசாலித்தனம் என்றார்கள், வாணியம்பாடியில் வேறு பெயர் சொன்னார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. போன வருடம் நானும் பாயும் ஆட்டத்தை விட்டோம். அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது முனியம்மா சாதாரணமாகச் சொன்னாள், அந்த ஆட்டத்தன்று அந்தக் கொல்லையில் தானும் இருந்ததாக. ஏழு வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள். ஏன் சொல்லவில்லை என்றால், "அவங்க சொல்ல வேணாம்னாங்க. நீங்க ஆட்டத்த வுட்ட பின்னாடி சொல்லுன்னாங்க" என்கிறாள்.

நடந்தது இதுதான். பந்து விழுந்ததும் எறிவதற்கு எடுத்த அஃப்ஸர் ஜஹான் அப்படியே நின்றுவிட்டார். எறிந்துவிட்டால் புருஷன் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாமலே போகும். எடுக்க யார் வருகிறார்கள் பார்ப்போம் என்று பந்தை முக்காலி மேல் வைத்து, அதன்மேல் துப்பட்டாவை விரித்து உட்கார்ந்துகொண்டார். பாய் மூச்சிரைக்க உள்ளே வந்து பந்தைக் கேட்டார்.

"நல்லாத்தான இருக்கீங்க? அப்போ இன்னாத்துக்குச் சத்தமே இல்ல?"

ரெஃபரி தடுத்துவிட்டதைப் பாய் சொன்னார். பந்தைக் கேட்டார்.

"யாரு ஜெயிக்கிறது?"

"நாம ஒண்ணு. பந்தக் குடு, ஆட்டம் நிக்குது."

"பாங்குக்கு எவ்ளோ நேரம்?"

"அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க. அது நாயம் இல்ல அஃப்ஸர், குடுத்துடு" என்று பாய் கெஞ்சியிருக்கிறார். பாய் அந்தப் பக்கம் போனால் அந்த அம்மாளும் அந்தப் பக்கம் சாய்வார், இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம். முக்காலியை விட்டு நகரவில்லை. கடைசியில் அந்த அம்மாள், "சாயந்தரம் பூரா ஒரு தடவகூட கேக்கல எனக்கு. ஒரு வாட்டி சொல்லுங்க, தர்றேன்" என்றாராம். பாய் தயங்கினார். "இது என் வூடு. இங்க எந்த ரெஃபரி?" என்றார் அந்த அம்மாள். பாய் சொன்னார். அந்த அம்மாள் எழுந்து பந்தை எறிந்தார்.

மறுநாள் காலை நேராகப் பாய் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முனியம்மா சொன்னது உண்மையா என்றேன். வெட்கப்பட்டார் மனுஷன்.

"மூர்த்தி, வடாற்காட்டுல எவனையும் என்னத் தாண்டி ஒன்கிட்ட லேசுல வர வுட்டதில்ல. இவளத் தாண்ட என்னால முடியல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அவ உக்காந்துனு இருந்தது தப்புதான். வாணியம்பாடிக்காரங்க பாவம், அவங்க அந்த அஞ்சு நிமிஷத்துல..."

திரைச்சீலைக்கு உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. பதினாலு வருடத்தில் அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஸாஃப்."

குர்ஷித் பாய் பாதிப் பேச்சில் நிறுத்தி, டீக்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.